லாக் கார்டைப் படித்து வாங்கிய ஹோண்டா ஃபிட்

2025 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் யீஷூனில் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்து உட்காருவதற்குள் மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டினார். திரையில் மூன்று கார்கள். மூன்றும் ஹோண்டா. மூன்றுக்கும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற முகம்.

"ஃபிட்தான் வாங்குறதுன்னு முடிவாயிடுச்சு மச்சான். எந்த ஃபிட்டுங்கிறதுதான் புரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் சர்வீஸ் கவுண்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது வேறு வேலை. ஆனாலும் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் பேச்சு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். வழக்கமாக இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை மூன்று வாரம் இழுத்துவிட்டது. ஒரே மாடலில் எந்த வகையை எடுப்பது என்று நிற்பவர்களுக்கு உதவட்டும் என்று பார்த்ததையும் போட்ட கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

எதற்குக் கார்

மாப்பிள்ளையின் அப்பா எனக்கு மாமா முறை. வயது 71. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மையம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இல்லை. போகும்போது பழைய கப்பல் கதைகளைப் பேசிக்கொண்டே போவார். நாலு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கால் துவண்டு, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி டாக்சிக்கு நிற்பார். தங்கைக்கு ஒரு கையில் குடை, மறு கையில் மாமா. மாப்பிள்ளைக்குச் செனோக்கோவில் ஷிப்டு வேலை, எல்லா நாளும் கூடப் போக முடியாது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். போக வர டாக்சிக்கு நாளைக்கு 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தாலும் மாதம் 325க்குள் முடிந்துவிடும். கார் வைத்தால் தேய்மானம், பெட்ரோல், காப்புறுதி, கார்பார்க் எல்லாம் சேர்ந்து மாதம் 1,400க்குக் குறையாது. தங்கை சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ ஒரு நாள் அந்த மழையில நின்னு பாரு அண்ணே" என்றாள். அதோடு டாக்சிப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஃபிட்டைப் பிடித்ததில் தப்பே இல்லை. மற்ற சின்னக் கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் டாங்கி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஃபிட்டில் அதை முன்சீட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அதனால் பின்சீட்டின் உட்காரும் பாகத்தைச் சினிமா கொட்டகை நாற்காலி மாதிரி மேலே மடக்கலாம். நடைச்சட்டத்தை மடிக்காமலே நிற்க வைக்க இடம் கிடைக்கும். முன்சீட்டின் உயரமும் மாமாவின் முழங்காலுக்குத் தோது. குனிந்து விழவும் வேண்டாம், ஏறிக் குதிக்கவும் வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று குட்டிப் பயணம், செனோக்கோவுக்குப் போய் வருவது, மாதம் ஒரு தடவை ஜொகூர் பாரு. எல்லாம் சேர்ந்து மாதம் ஆயிரம் கிலோமீட்டர். கையில் ரொக்கம் 18,000 வெள்ளி. தேவை இவ்வளவுதான்.

மூன்று அண்ணன் தம்பி

2013இல் ஜப்பானில் வந்து 2020 வரை விற்ற மூன்றாம் தலைமுறை ஃபிட்தான் மூன்றும். ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் இதே காருக்கு ஜாஸ் என்று பெயர். இங்கே அதிகாரபூர்வ ஏஜென்ட் கொண்டுவந்தது ஜாஸ். ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட் ஆட்கள் நேரடியாக இறக்கியது ஃபிட்.

முதலாவது ஃபிட் 1.3. எஞ்சின் 1317 சிசி, 100 குதிரைத்திறன், சாதாரண சிவிடி தானியங்கி கியர். 2019 பிப்ரவரியில் பதிவானது, கேட்ட விலை 44,800. இரண்டாவது ஃபிட் ஹைப்ரிட், 1.5 எஞ்சினும் மின்மோட்டாரும். 2018 நவம்பரில் பதிவு, விலை 40,800. மூன்றாவது ஜாஸ் 1.5 ஆர்எஸ். 2019 ஆகஸ்ட்டில் பதிவு, 16 அங்குலச் சக்கரம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு. விலை 56,800.

மாப்பிள்ளையின் மனசு ஹைப்ரிட்டில் இருந்தது. விலையும் குறைவு, பெட்ரோலும் குறைவு. மருமகன், அதாவது தங்கை பையன், என்எஸ் என்ற தேசிய சேவையை முடிக்கப் போகிறவன். அவனுக்கு ஆர்எஸ். 1.3 பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாக் கார்டு சொன்னது

மூன்று விற்பனையாளர்களிடமும் லாக் கார்டைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அது நிலப் போக்குவரத்து ஆணையத்தில் உள்ள வண்டியின் பதிவு விவரம். காரின் படங்களைவிட முதலில் பார்க்க வேண்டியது இதுதான். காரணம் நம் ஊர் ஏற்பாடு. இங்கே பழைய கார் வாங்குகிறவன் மிச்சமிருக்கும் மாதங்களைத்தான் முக்கியமாக வாங்குகிறான். காரை வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் சிஓஇ உரிமம் பத்து வருடம். முடியும்போது வண்டியை ஒப்படைத்தால், முதல் பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் வரியில் (கூடுதல் பதிவுக் கட்டணம்) ஒரு பங்கு பார்ஃப் கழிவாகத் திரும்பி வரும். 2019இல் பதிவான கார் பத்தாம் ஆண்டில் ஒப்படைக்கப்பட்டால் ஏஆர்எஃப்பில் பாதி. எல்லாரும் பேசும் பேப்பர் வேல்யூவில் பத்தாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது இதுதான்.

இந்த மூன்று கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். 1.3க்கு ஏஆர்எஃப் 5,000. ஹைப்ரிட்டுக்கு 7,000. ஆர்எஸ்ஸுக்கு 17,600.

"இது ஏன் மச்சான் இப்படி? மூணும் ஒரே கார்தானே?"

ஓஎம்வி, அதாவது காரின் இறக்குமதி மதிப்பு, 20,000 வரைக்கும் ஏஆர்எஃப் அதே தொகைதான், நூற்றுக்கு நூறு. ஆனால் 2018 ஜனவரியிலிருந்து புகை குறைவான வண்டிகளுக்கு விஇஎஸ் திட்டத்தில் தள்ளுபடி கொடுத்தார்கள். ஏ2 தரம் கிடைத்தால் 10,000 வெள்ளி. அந்தத் தள்ளுபடி ஏஆர்எஃப்பில்தான் கழியும், எவ்வளவு கழிந்தாலும் 5,000க்குக் கீழே போகாது. ஹைப்ரிட்டின் ஓஎம்வி 17,000. பத்தாயிரம் போக 7,000. 1.3இன் ஓஎம்வி பதினாலாயிரத்துக்குப் பக்கம். கழித்தால் நாலாயிரம் வரும், ஆனால் அடிமட்டம் 5,000. ஆர்எஸ்ஸுக்குத் தள்ளுபடி இல்லை, முழுசாகக் கட்டியிருக்கிறார்கள். பார்ஃப் கழிவு உண்மையில் கட்டிய வரியை வைத்துத்தான். அன்றைக்கு முதல் சொந்தக்காரருக்குக் கிடைத்த தள்ளுபடியை இன்றைக்கு வாங்குகிறவன் தன் பேப்பர் வேல்யூவில் இழக்கிறான்.

இனி டெப்ரி, அதாவது வருடத் தேய்மானக் கணக்கு. விலையில் பேப்பர் வேல்யூவைக் கழித்து, மிச்ச வருடத்தால் வகுக்க வேண்டும்.

1.3க்கு மூன்றரை வருடம் பாக்கி. 44,800இல் 2,500 கழித்தால் 42,300. வருடத்துக்கு ஏறக்குறைய 12,090.

ஹைப்ரிட்டுக்கு மூன்றேகால் வருடம். 40,800இல் 3,500 போக 37,300. வருடத்துக்கு 11,480.

ஆர்எஸ்ஸுக்கு நாலு வருடம். 56,800இல் 8,800 போக 48,000. வருடத்துக்குச் சரியாக 12,000.

பையன் துள்ளினான். "பாத்தீங்களா மாமா! பன்னெண்டாயிரம் அதிகம்னு சொன்னீங்க, வருஷக் கணக்குல 1.3ஐ விட ஆர்எஸ்தான் கம்மி!"

அவன் சொன்னது சரி. டீலர்கள் விளம்பரத்தில் டெப்ரியைக் கொட்டை எழுத்தில் போடுவதும் இதற்காகத்தான். ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு விஷயம் விடுபட்டுப் போகும்.

ஒன்று, பேப்பர் வேல்யூ சும்மா கிடக்கும் பணம் இல்லை. ஓஎம்வி 20,000க்குள் இருக்கும் காருக்கு நாணய ஆணைய விதிப்படி அதிகபட்சம் 70 விழுக்காடு கடன் வாங்கலாம். அதைத் தாண்டினால் 60தான். மூன்று காரும் நல்ல வேளையாக 20,000க்குள். ஆர்எஸ்ஸுக்கு முன்பணம் 17,040, கடன் 39,760. புரோக்கர் சொன்ன 2.98 விழுக்காடு நேர்வட்டியில் 48 மாதத்துக்கு மாதத் தவணை 927. கடைசியில் திரும்பி வரும் அந்த 8,800க்கும் நாலு வருடமாக வட்டி கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். அதில் கடன் பங்குக்கு மட்டும் 730 வெள்ளிக்கு மேல் வட்டி. இதைப் போட்டால் டெப்ரியில் தெரிந்த 90 வெள்ளி லாபம் காணாமல் போய்விடும். இன்னொரு பக்கம், கையில் இருக்கும் 18,000இல் 17,040ஐ முன்பணமாகக் கொடுத்துவிட்டால் காப்புறுதிக்கும் டயருக்கும் எங்கே போவது? மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் கார். இழப்பீடு கேட்காமல் ஓட்டினதற்குக் கிடைக்கும் என்சிடி கழிவு சைபர். காப்புறுதி சும்மா விடாது.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2029இல் என்ன செய்யப் போகிறார்கள்? ஒப்படைப்பதா, சிஓஇயைப் புதுப்பிப்பதா? இந்தக் கேள்வியை நான் கேட்டபோது மாப்பிள்ளை அப்பாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்பா இருக்கிற வரைக்கும் ஓட்டணும் மச்சான். அஞ்சு வருஷம் போட்டாவது" என்றார்.

புதுப்பித்தால் கடைசி மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்கு அதில் பாதி. கட்டிய அன்றே பார்ஃப் கழிவு கைவிட்டுப் போய்விடும். 1.3ஐப் புதுப்பிக்கிறவன் இழப்பது 2,500. ஆர்எஸ்ஸைப் புதுப்பிக்கிறவன் இழப்பது 8,800. வித்தியாசம் 6,300 வெள்ளி. அதாவது, பத்து வருடத்தில் ஒப்படைக்கிறவனுக்கு ஏஆர்எஃப் கூடுதலாக இருக்கும் வகை தோது. புதுப்பித்து ஓட்டுகிறவனுக்கு ஏஆர்எஃப் குறைந்த வகை தோது. ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் பதில் நேரெதிர். விற்பவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

2019இல் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ பெரும்பாலும் 25,000க்கும் 40,000க்கும் நடுவில் கிடந்தது. 2025 அக்டோபரில் அதே பிரிவு 128,105 வெள்ளியைத் தொட்டது. இப்படிப்பட்ட ஊரில் ஐந்து வருடப் புதுப்பிப்பு பல குடும்பங்களுக்கு நிஜமான வழி. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடுதலில் தொடங்கி வருடா வருடம் ஏறி 50 வரை போகும் என்பதையும் அன்றே சொல்லி வைத்தேன். 1.3க்குச் சாலை வரி வருடம் 577 வெள்ளி, 1.5களுக்கு 680 சொச்சம்.

ஹைப்ரிட்: கார்பார்க் சரிவில் அரை நொடி

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளையும் நானும் ஹைப்ரிட்டைப் பார்க்கப் போனோம். வண்டி சுத்தம். ஓட்டினால் சத்தமே இல்லை. பெரிய சாலையில் மாப்பிள்ளையின் முகத்தில் புன்னகை.

"இப்போ அந்த மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ஏத்துங்க" என்றேன்.

சரிவின் நடுவில் நிறுத்தச் சொன்னேன். பிரேக்கை விட்டதும் வண்டி அரை நொடி யோசித்தது. பிறகு அடியில் ஒரு 'டக்'. தலை லேசாகப் பின்னால் போய் வந்தது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று நாலு தடவை செய்தோம். மூன்று தடவை அதே டக்.

இந்த ஹைப்ரிட்டில் இருப்பது சிவிடி இல்லை. ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர், அதற்குள்ளேயே மின்மோட்டார். கிளட்ச் உலர் வகை. எண்ணெயில் முக்கிக் குளிர வைக்கும் ஏற்பாடு கிடையாது. சாலை காலியாக இருந்தால் அருமையாக ஓடும். நத்தை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போனால்தான் தொல்லை, கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடேறும். 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்த இந்தக் காரை அடுத்த ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து முறை திரும்ப அழைத்தார்கள். அதில் பலவும் இந்தக் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள் சங்கதி. 2018 வண்டி அந்தத் திருத்தங்களுக்கெல்லாம் பிறகு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக ஓடும் ஹைப்ரிட்டுகளைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன், லட்சக் கணக்கில் கிலோமீட்டர் ஓடியவை. அவை பெரும்பாலும் விரைவுச்சாலையில் நீளமாக ஓடியவை.

இவர்கள் ஓட்டம் வேறு. யீஷூன் சிக்னல்களில் நாலு கிலோமீட்டர். அப்புறம் மாதம் ஒரு தடவை ஜொகூர் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்வது. கிளட்சுக்கு இதைவிட மோசமான வேலை இருக்க முடியாது.

லாபத்தையும் கணக்குப் போட்டோம். கார்டு கழிவு போக லிட்டர் 2.40 என்று வைத்தோம். வருடம் 12,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 20 கொடுக்கும் ஹைப்ரிட்டுக்கு 1,440 வெள்ளி. 15 கொடுக்கும் 1.3க்கு 1,920. மாதம் 40 வெள்ளி வித்தியாசம். ஜொகூரில் 97 பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும் மாதங்களில் அதுவும் சுருங்கும். டெப்ரியில் 610 லாபம், பெட்ரோலில் 480 லாபம், சாலை வரியில் 105 நஷ்டம். வருடத்துக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றேகால் வருடத்தில் 3,200. பழைய பட்டறை நண்பரிடம் அந்தக் கிளட்ச் வேலைக்கு விலை கேட்டேன். "மூவாயிரத்தைந்நூறுல ஆரம்பிக்கும், திறந்து பாத்தாதான் மீதி" என்றார். திறந்து பார்த்தால்தான் மீதி என்று மெக்கானிக் சொன்னால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அந்த வசனத்தைக் கவுண்டரில் உட்கார்ந்து பதினோரு வருடம் சொன்னவன்.

மாப்பிள்ளை மனசில்லாமல்தான் ஹைப்ரிட்டை விட்டார். இரண்டு நாள் பேசவில்லை.

ஆர்எஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கார்பார்க் வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினோம். நாலாவது தடையில் மாமா, "வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். பையன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடியில் ஒட்டின பசை

ஆக 1.3. ஆனால் அந்த 44,800 வண்டியை வாங்கவில்லை.

டீலர் சொன்னது: ஒரே ஓனர், பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி, 138,000 கிலோமீட்டர். ஆறரை வருடத்துக்கு 138,000 என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஊரில் இல்லாத கதையில்லை. நான் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. முதலில் முன்கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினேன். ஒரு சதுர அளவுக்கு இடம் சொரசொரப்பாக இருந்தது. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பசையின் விளிம்பு தெரிந்தது. பின்கண்ணாடியிலும் அதே மாதிரி ஒன்று. 2017 ஜூலையிலிருந்து தனியார் வாடகைக் கார்கள் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டிய ஒட்டுவில்லை இருந்த இடம் அது. பின்சீட்டின் இடப்பக்க ஓரத்துணி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் பின்னால் யாரும் உட்காராமல், எல்லாரும் நடைபாதைப் பக்கக் கதவில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

டீலர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. உண்மையிலேயே ஒரே ஓனர்தான். வாடகைக் கார் கம்பெனி.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு நானும் இதே 'ஒரே ஓனர்' சொல்லில் மயங்கி ஒரு வண்டி வாங்கினேன். எட்டாவது மாதம் சிவிடி அதிர ஆரம்பித்தது. குறையுள்ள பொருளுக்கு விற்ற வியாபாரியைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம், பழைய காருக்கும் பொருந்துவது, 2012 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். எனக்கு எட்டாவது மாதம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். வாடகைக்கு ஓடிய வண்டி எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வாடகை வண்டி விலை இருக்க வேண்டும். இவர் ஆயிரம் வெள்ளிகூட இறங்கவில்லை. வந்துவிட்டோம்.

புக்கிட் பாஞ்சாங்

பத்து நாள் கழித்து நேரடி உரிமையாளர் ஒருவரின் ஃபிட் 1.3 கிடைத்தது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு சீன அம்மா, ஓய்வு பெற்றவர். 2019 ஜூன் பதிவு, 71,000 கிலோமீட்டர், கேட்டது 47,500. முன்கண்ணாடி வழுவழு. கையுறைப் பெட்டியில் ஒவ்வொரு சர்வீஸ் ரசீதும் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். நாற்பதாயிரத்தில் ஒரு தடவை சிவிடி எண்ணெய் மாற்றியிருக்கிறார், ரசீதில் எச்சிஎஃப்-2 என்று சரியான எண்ணெயே இருந்தது. அந்த ஒரு வரிக்காக அவருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

நேரடியாக வாங்கினால் டீலர் லாபம் மிச்சம். ஆனால் லெமன் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது, அது வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில்தான். அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாக நூற்றுச் சொச்ச வெள்ளி செலவழித்துப் பரிசோதனை நிலையத்தில் வண்டியைத் தூக்கிப் பார்க்க வைத்தோம். சீன அம்மாவும் கூடவே வந்து நின்றார். அறிக்கையில் இரண்டு குறை. எஞ்சினைத் தாங்கும் வலப்பக்க ரப்பர் மவுண்ட் வெடித்து எண்ணெய் கசிகிறது. நாலு டயரும் 2020இல் தயாரானவை. தடம் நிறைய இருக்கிறது, பக்கச் சுவரில்தான் முடி போல் வெடிப்பு. குறைவாக ஓடிய வண்டிகளில் டயர் தேய்ந்து போகாது, காய்ந்து போகும்.

மவுண்ட்டையும் டயரையும் காட்டி 46,800க்கு முடித்தோம். பேரத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளை அப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா தன் கணவரும் டயாலிசிஸில் இருந்தவர் என்றார். பின்சீட்டை மடக்கும் வித்தையை எங்களுக்கு அவர்தான் செய்து காட்டினார். இரண்டே அசைவு.

ஏஆர்எஃப் இதற்கும் 5,000தான். மூன்று வருடம் பத்து மாதம் பாக்கி. வருடத்துக்கு 11,560. டீலரிடம் பார்த்த வண்டியைவிட 500 குறைவு, ஓட்டமோ பாதி. முன்பணம் 14,040. மவுண்ட், நாலு 15 அங்குல டயர், சிவிடி எண்ணெய் எல்லாம் 950க்குள் முடிந்தது. காப்புறுதி கட்டிய பிறகும் கையில் கொஞ்சம் நின்றது.

96.8

ஒரு விஷயத்தை நான் கோட்டை விட்டேன்.

வண்டி வந்த முதல் செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் முடிந்து மாமா ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒலி போடும்மா" என்றார். ஒலி எங்கள் ஊர்த் தமிழ் வானொலி, 96.8இல் வரும். தங்கை வானொலியைத் திருகினாள். 90, 92, 95. அதற்கு மேல் போகாமல் 76க்குத் திரும்பிவிட்டது. ஜப்பானில் எஃப்எம் 76இல் ஆரம்பித்து 95இல் முடிந்துவிடும். சீன அம்மா வண்டி வாங்கிய நாளிலிருந்து வானொலியே கேட்டதில்லை போலிருக்கிறது. ஜப்பான் பெட்டியை மாற்றாமலே விட்டிருந்தார். மூன்று வாரம் லாக் கார்டையும் கண்ணாடிப் பசையையும் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. இங்கே வந்த ஜாஸில் இந்தத் தொல்லையே கிடையாது என்று பையன் எனக்குச் செய்தி அனுப்பினான், சிரிக்கும் முகத்தோடு.

மாப்பிள்ளை 400 வெள்ளிக்கு ஆண்ட்ராய்டு பெட்டி வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டிகளுக்காக ஒயரை வெட்டி ஒட்டி, பிறகு பேட்டரி இறங்குகிறது என்று வந்த வண்டிகள் எத்தனையோ. ஆன்டெனா ஒயருக்கு நடுவில் செருகும் விரல் நீளக் கருவி ஒன்று இருக்கிறது, முப்பது வெள்ளிக்குள். அலைவரிசையை அப்படியே 12 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்கிக் கொடுக்கும். அதை நானே போய் மாட்டினேன்.

இப்போது திரையில் 84.8 என்று காட்டும், பாடுவது ஒலி 96.8. மாமா ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது தப்பா காட்டுது" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் சீட்டில் சாய்கிறார்.